சென்னை – யாழ்ப்பாணம்: 355 கிலோமீட்டரின் கதை

இரண்டு ஊர்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால், என்னைப் போன்ற ஆட்கள் உடனே அட்சரேகை, தீர்க்கரேகையைத் தேடுவோம். ஹாவர்சைன் சூத்திரத்தில் போட்டால் அரை நொடியில் விடை வந்துவிடும். சென்னை விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 355 கி.மீ. ஏறக்குறைய நேர் தெற்கு. அதே கணக்கில் சென்னை – மதுரை சுமார் 417 கி.மீ. அதாவது, வான்வழியில் பார்த்தால் சென்னைக்கு மதுரையைவிட யாழ்ப்பாணம்தான் கிட்ட.

பூமி உருண்டையின் கணக்கு இது. பயணம் செய்கிறவரின் கணக்கே வேறு.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. 1947 டிசம்பர் 10இல் ஏர் சிலோன் தன் முதல் சேவையைத் தொடங்கியபோது, இரத்மலானையில் கிளம்பிய டிசி-3 விமானம் காங்கேசன்துறை வழியாகத்தான் மெட்ராஸ் வந்தது. காங்கேசன்துறை என்று அன்றைக்குச் சொன்னது இந்தப் பலாலியைத்தான். மணிக்கு 270 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டால், பலாலியிலிருந்து மெட்ராஸுக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகியிருக்கும்.

பிற்பாடு அந்தச் சேவை நின்றுபோனது. 1983இல் போர் மூண்டது. பலாலி ராணுவத் தளமானது. 1990இல் சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் வீடு வாசலை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. அந்த நிலமெல்லாம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது.

இப்போது தூரத்தை மறுபடி கணக்குப் போடுவோம். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் சென்னைக்கு வர வேண்டுமென்றால் முதலில் தெற்கே, கொழும்புப் பக்கம் போக வேண்டும். சாலையில் சுமார் 400 கி.மீ. பிறகு கட்டுநாயக்கவிலிருந்து வடக்கே சுமார் 645 கி.மீ. விமானம். ஆக மொத்தம் ஆயிரத்துக்கு மேல், நேர்தூரத்தைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு! அதுவும் சாலை திறந்திருந்தால்தான். ஏ9 நெடுஞ்சாலை 2002இல் திறந்தது, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது. சாலை மூடிக் கிடந்த நாட்களுக்கு எந்தச் சூத்திரத்தைப் போடுவது?

போர் 2009இல் முடிந்தது. ஆனாலும் பலாலிக்கு நேரடி விமானம் வர இன்னும் பத்து வருஷம் ஆனது. 2019 அக்டோபரில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமானது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து ஏடிஆர் விமானத்தை விட்டது. நாலே மாதத்தில் கொரோனா வந்து அதையும் நிறுத்த, 2022 டிசம்பரில்தான் மீண்டும் தொடங்கியது.

ஏடிஆர் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் போகும். ஏறி இறங்குவதையெல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கிட்டத்தட்ட 1947இன் நேரம்தான். எழுபத்தைந்து வருஷ விமானத் தொழில்நுட்பம் இந்தப் பாதையில் மிச்சப்படுத்தியது சில நிமிடங்கள். மூடியிருந்த ஓடுபாதை திறந்ததால் மிச்சமானது ஒரு முழு நாள்.

அதனால், 'பறக்கும் நேரம்' என்று இணையத்தில் ஓர் எண்ணைப் பார்த்தால் கூடவே இதையும் பாருங்கள்: அந்தப் பாதையில் இன்றைக்கு விமானம் போகிறதா?