சதுரங்கம்: பயிற்றுவிப்பாளர் இல்லாத மாணவர் எந்த ஆரம்பத்தைத் தெரிவு செய்யலாம்?

2000ஆம் ஆண்டு லண்டனில் நடந்த உலகச் சதுரங்கப் பட்டப் போட்டியில் கரி கஸ்பரோவால் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்ல முடியவில்லை. தாக்குதல் ஆட்டத்தில் அவரைக் கண்டு எல்லோரும் அஞ்சிய காலம் அது. எதிராளி விளாடிமிர் கிராம்னிக் கறுப்புக் காய்களுடன் நான்கு ஆட்டங்களில் பேர்லின் தற்காப்பை ஆடினார். அதன் முக்கிய வரிசையில் எட்டாவது நகர்வில் இரண்டு ராணிகளும் வெட்டுப்பட்டுவிடும். கறுப்பு ராஜாவுக்குக் கோட்டை கட்டும் உரிமையும் போய்விடும். பார்ப்பதற்கு நட்டம் போலத்தான் இருக்கும். ஆனால் ராணி இல்லாத பலகையில் கஸ்பரோவின் தாக்குதலுக்கு இடம் குறைவு. அந்த நான்கு ஆட்டங்களும் சமநிலையில் முடிந்தன. பட்டம் 8.5 - 6.5 என்ற புள்ளிகளில் கிராம்னிக்குக்குப் போனது.

இங்கே வடக்கிலும் கிழக்கிலும் கைத்தொலைபேசியைப் பார்த்தே சதுரங்கம் பழகும் மாணவர்களுக்கு இந்தக் கதை மிகவும் வேண்டியது. போட்டியில் எதிரே அமர்பவர் வருடக்கணக்கில் வகுப்புக்குப் போனவராக இருக்கலாம். மனனத்தில் அவரை முந்த முயல்வது வீண் வேலை. அவருக்குப் பழக்கமில்லாத, உங்களுக்குப் பழகிய நிலைக்கு ஆட்டத்தைக் கொண்டுபோவதே வழி.

யூரியூப்பில் அதிகம் புகழப்படும் சிசிலியன் நைடோர்ஃப் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். கூர்மையானது, அழகானது. ஆனால் ஒரு நகர்வு பிசகினாலும் ஆட்டம் முடிந்துவிடும். அதையே தன் ஆயுதமாக வைத்திருந்த பொபி பிஷர், 1972இல் ரெய்க்யாவிக்கில் நடந்த 11ஆவது ஆட்டத்தில் அதன் 'நஞ்சூட்டிய சிப்பாய்' கிளையில் ஸ்பாஸ்கியிடம் ராணியைப் பறிகொடுத்துத் தோற்றார். வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் மட்டும் கிடைக்கும் பிள்ளைக்கு இது ஏன்?

வெள்ளை ஈ4 ஆடும்போது, பொறுமைசாலிக்கு கரோ-கான் நன்றாகப் பொருந்தும். சி6, பிறகு டி5. ராணிப் பக்க பிஷப் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபடாமல் வெளியே வந்துவிடும். பிரெஞ்சு தற்காப்பில் அதே பிஷப் நீண்ட நேரம் சிறைப்பட்டிருக்கும். நெருக்கடியைத் தாங்கி, வெள்ளையின் மையச் சிப்பாய்களைச் சமயம் பார்த்து உடைக்கத் தெரிந்தவர்களுக்கே அது சரிவரும். டி4க்கு எதிராக, மறுக்கப்பட்ட ராணிக் கம்பிற் உறுதியானது. கிங்ஸ் இந்தியன் ஆடுபவர் மையத்தை விட்டுக்கொடுத்துவிட்டு ராஜாப் பக்கம் பாய வேண்டும். துணிச்சல் இருந்தால் மட்டும் ஆடுங்கள்.

வெள்ளைக்கு லண்டன் முறை போதும். டி4 ஆடி, பிஷப்பை எஃப்4க்குக் கொண்டுவந்த பின் ஈ3, சி3. கறுப்பு எதை ஆடினாலும் பெரும்பாலும் இதே அமைப்புத்தான். சலிப்பூட்டும் ஆட்டம் என்று கேலி செய்வார்கள். மக்னஸ் கார்ல்சனே அதை ஆடியிருக்கிறார். காய்கள் விரைவாக மோத வேண்டும் என்று விரும்புபவர் இத்தாலிய ஆட்டத்துக்குப் போகலாம்.

சரி, உங்கள் பாணி எது? கேட்டால் பத்தில் எட்டுப் பிள்ளைகள் "நான் தாக்கி ஆடுவேன்" என்பார்கள். அந்தப் பதிலை நம்ப வேண்டாம். கடைசியாக ஆடிய இருபது ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள். வென்றவற்றில் ராணி பலகையில் இருந்ததா? தோற்றவை பதினைந்தாவது நகர்வுக்கு முன்னரே கைவிட்டுப் போனவையா, அல்லது இறுதிக் கட்டத்திலா? ராணிகள் வெட்டுப்பட்ட பிறகே அதிகம் வென்றிருந்தால், தாக்குதல் உங்கள் ஆசை மட்டுமே.

வெள்ளைக்கு ஒன்று, ஈ4க்கு ஒன்று, டி4க்கு ஒன்று. ஒரு வருடத்துக்கு இந்த மூன்றும் போதும். லிசெஸ் தளம் முற்றிலும் இலவசம், விளம்பரமும் இல்லை. அதன் ஆரம்ப நகர்வுத் தொகுப்பில் உங்கள் தரத்திலுள்ளவர்கள் ஒவ்வொரு நிலையிலும் என்ன ஆடுகிறார்கள் என்று பார்க்கலாம். உலக வீரர்களின் இருபதாவது நகர்வை விட, பாடசாலைப் போட்டியில் உங்களுக்கு எதிராக வரப்போவது அதுதான்.