கேட்பவரின் மொழி, ஒரே பந்தி



தூய பவுல் எல்லாரிடமும் ஒரே விதமாய்ப் பேசியவர் அல்லர். தொழுகைக்கூடங்களில் யூதரிடம் பேசும்போது மறைநூலிலிருந்து தொடங்கினார். லிஸ்திராவின் எளிய மக்களிடம் வானத்து மழையையும் வயலின் விளைச்சலையும் சுட்டிக்காட்டினார். ஏதென்ஸ் நகர அறிஞர்களிடமோ அவர்களுடைய கவிஞர்களையே துணைக்கு அழைத்தார். இதே வழியில் நம் தமிழ் மண்ணில் நடந்தவர்களை இன்று நினைத்துப் பார்ப்போம்.

1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களின் உதவியால் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாய்ச் சென்று சிறுவர்களைக் கூட்டினார். அவர்கள் கற்றதை வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கடலோர மக்களுக்கு அந்த முறை பொருந்தியது.

1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி வேறொரு நிலைமையைக் கண்டார். கிறிஸ்தவராவது என்றால் பரங்கியராவது என்றே நகரத்தார் எண்ணினார்கள். எனவே அவர் காவி உடுத்தினார். புலால் உணவை விட்டார். தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். மக்கள் அவரைத் தத்துவ போதகர் என்றழைத்தார்கள். இந்த முறைக்கு எதிர்ப்பு எழுந்தது. வழக்கு உரோமை வரை சென்றது. 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. உயர்சாதியாரிடம் பேச விரும்பியவர், ஒடுக்கப்பட்டவரிடமிருந்து விலகி வாழ வேண்டியதாயிற்று. 1640-க்குப் பின் எளிய மக்களுக்கென்று பண்டாரசாமிகள் எனப்பட்ட வேறு குருக்கள் பணியாற்றினார்கள். நற்செய்தி இரு சாராரையும் சென்றடைந்தது. இரு சாராரும் சேர்ந்து அமரவில்லை. சாதியை நொபிலி அடிகளார் உண்டாக்கவில்லை. ஆனால் அதற்கு ஆலயத்தில் இடம் கிடைத்துவிட்டது. வடக்கன்குளம் ஆலயத்தில் இருந்த சாதித் தடுப்பு 1910-இல்தான் நீக்கப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது.

இங்கே மீண்டும் பவுலைப் பார்ப்போம். எல்லாருக்கும் ஏற்றவாறு பேசிய அதே பவுல், அந்தியோக்கியாவில் பேதுருவையே நேருக்கு நேர் எதிர்த்தார். ஏன்? பிற இனத்தாருடன் உணவருந்தி வந்த பேதுரு, யூதருக்கு அஞ்சிப் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். பேச்சை மாற்றலாம், பந்தியைப் பிரிக்கலாகாது. பவுல் வகுத்த எல்லை இதுதான்.

நொபிலிக்கு நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த வீரமாமுனிவர், புலவர்களுக்காகப் புனித சூசையப்பரைப் பற்றி 3615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். அவரே எளிய உரைநடையில் பரமார்த்த குருவின் கதையும் எழுதினார். செந்தமிழுக்கு ஓர் இலக்கணம், பேச்சு வழக்குக்கு ஓர் இலக்கணம் என இரண்டும் படைத்தார். அவராலும் சாதிச் சிக்கல் தீரவில்லை. ஆயினும் ஒரே மனிதர் புலவரிடமும் பாமரரிடமும் பேச முடியும் என்பதற்கு அவர் சான்று.

நம் பங்கிலும் செபமாலையோடு வரும் பாட்டி இருக்கிறார். கைப்பேசியோடு வரும் இளைஞர் இருக்கிறார். பிழைப்புக்காக வடமாநிலத்திலிருந்து வந்து, கடைசி வரிசையில் மொழி புரியாமல் நிற்கும் தொழிலாளியும் இருக்கிறார். அவரவர்க்கு ஏற்ற சொல்லைத் தேடுவது நம் கடமை. பாட்டியிடம் நிதானமாய்ப் பேசுவோம். இளைஞரிடம் முதலில் கேட்போம். அந்தத் தொழிலாளியின் மொழியில் ஒரு வணக்கமாவது கற்றுக்கொள்வோம்.

பிறகு நம்மையே ஒன்று கேட்டுக்கொள்வோம்: இவ்வளவும் பேசியபின், அன்பியக் கூட்டத்தில் அவர்களை நம் அருகில் அமர வைத்தோமா?