பக்கத்திலே படம் பெற்ற இடம்

தமிழ் அச்சின் வரலாற்றை எழுத்தின் வரலாறாக மட்டுமே நோக்குவது வழக்காகிவிட்டது. பக்கத்திற் படம் இடம்பெற்ற வரலாறும் அதனோடு இணைந்ததே. அன்றிக்கு அடிகளார் ஆக்கி 1578 இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' தன் முகப்பிலேயே மரச்செதுக்குப் படமொன்றைக் கொண்டிருந்தது. மரச்செதுக்கு அச்செழுத்தின் உயரத்துக்கு அமைந்தமையால், எழுத்தோடு ஒரே சட்டத்திற் பூட்டி அச்சிட முடிந்தது.

19 ஆம் நூற்றாண்டின் இறுதியிற் புள்ளித்திரை முறை பரவியது. நிழற்படத்தை நுண்புள்ளிகளாக்கி, உலோகத் தகட்டிற் பொறித்து, மரக்கட்டையில் அறைந்து எழுத்துயரத்துக்குக் கொணர்ந்தனர். 'புளொக்' எனப்பட்ட அதற்குத் தனிச்செலவு. புள்ளிகள் தெளிவுறப் பளபளப்பான தாளும் வேண்டும். எனவே படங்கள் பல கட்டுரையைப் பிரிந்து தனித்தாள்களில் ஒதுங்கின.

1985 இல் வெளிவந்த பேஜ்மேக்கர் முதலான மென்பொருள்கள் இப்பிரிவைப் படிப்படியாக நீக்கின. படத்தை உரிய பந்திக்கருகே வைக்கவும், அளவை மாற்றவும், எழுத்தை அதனைச் சுற்றி ஓடவிடவும் கணினித்திரையே போதியதாயிற்று.

கீழ்க்கரை வரலாற்றுக்கு இது சிறுபொருளன்று. கதிரவெளியின் பெருங்கற்காலச் சின்னங்களைச் சொல்லால் மட்டும் விளக்கின், வாசகர் ஆசிரியரை நம்பவேண்டியவராவார். படமும் அளவுக்குறிப்பும் அருகிருப்பின் தாமே ஒப்புநோக்குவார். ஆயினும் படத்தை நீட்டுவதும் வெட்டுவதும் இன்று மிக எளிது. கல்லின் உயரத்தை ஒரு விரலசைவு மாற்றிவிடும். ஆதலின், பக்கம் அமைப்பவரும் வரலாற்றாசிரியரின் பொறுப்பிற் பங்குடையவர் என்பதே இவ்வரலாறு தரும் முடிபாகும்.