கூண்டு யாருக்கு ஏற்றப்படுகிறது?

2018 நவம்பர் 15 இரவு நான் போபால் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவும் தங்கையும் வேதாரண்யம் பக்கத்து ஓட்டு வீட்டில். கைப்பேசித் திரையில் ஒரு வெள்ளைச் சுழி கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. 'காத்து இன்னும் ஆரம்பிக்கலடா, நீ சாப்ட்டியா' என்று அம்மா பத்து மணிக்குக் கேட்டதுதான் கடைசிப் பேச்சு. நள்ளிரவு தாண்டி, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறியது. பிறகு நான்கு நாள் போன் போகவில்லை. வெளியூரில் இருப்பவனுக்குத் தன் வீட்டின் புயல் எப்படித் தெரியவருகிறது என்பதற்கே ஒரு வரலாறு இருப்பது அப்போதுதான் உறைத்தது.

சின்ன வயதில் ரேடியோவில் 'மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது' என்று வாசித்தால் பாட்டி 'யாருக்குடா ஏத்துறானுவ?' என்பாள். நியாயமான கேள்வி. 1864 அக்டோபரில் கல்கத்தாவை அடித்த புயலில் பல்லாயிரம் பேர் செத்தார்கள்; ஹூக்ளி ஆற்றில் நின்ற கப்பல்கள் சிதறின. மறு ஆண்டே கல்கத்தா துறைமுகத்தில் எச்சரிக்கை முறை வந்துவிட்டது. இந்திய வானிலைத் துறை 1875இல்தான் வருகிறது. பகலில் கூம்பும் உருளையும், இரவில் விளக்குகள். மாலுமிக்கும் கப்பல் முதலாளிக்கும் புரிகிற மொழி அது. காலனிய அரசின் கவலை எதைச் சுற்றியிருந்தது என்பதை அந்தக் கம்பமே சொல்லிவிடும். எண்கள் பின்னாளில் ரேடியோவுக்கு வந்தும் மொழி துறைமுகத்தைவிட்டு இறங்கவில்லை.

1964 டிசம்பர் 22-23 இரவு தனுஷ்கோடியில் நடந்ததைப் பாருங்கள். பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயிலை அலை கொண்டுபோயிற்று. கணக்கில் 110 பயணிகள், 5 ஊழியர்கள். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இருநூறு வரை போகும் என்பார்கள். டிக்கெட் இல்லாதவனுக்குச் சாவும் பதிவாகவில்லை. அவனை எதிர்பார்த்துக் காத்திருந்த குடும்பம் யாரிடம் போய்க் கேட்டிருக்கும்? தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுகிற துறை அது. அதே புயல் இலங்கையின் வடக்கையும் தாக்கியது. அக்கரைக்குப் பிழைக்கப் போனவனும் இக்கரையில் அவன் விட்டுவந்த வீடும் ஒரே புயலில் அடிபட்டு, ஒருவர் சேதி இன்னொருவருக்குத் தெரியாமல் கிடந்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் புயலைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ராமேசுவரத்தில் மாட்டிக்கொண்ட கதைதான் முதலில் வருகிறது.

2017 ஒக்கியில் இது தலைகீழானது. கரையில் வீடு நின்றது, போனவர்கள்தான் நடுக்கடலில். வாரக்கணக்கில் தங்கி ஆழ்கடலில் மீன்பிடிக்கிறவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கப்பலுக்காக உண்டான ஏற்பாடு, விசைப்படகில் இருந்தவனை எட்டவில்லை.

கஜாவுக்கு வருகிறேன். 16ஆம் தேதி காலை தொலைக்காட்சிகள் 'புயல் கரையைக் கடந்தது' என்றன. எதிர்க்கட்சிகூட முன்னெச்சரிக்கையைப் பாராட்டியது. கடந்தது என்ற வினைமுற்று சென்னைக்குச் சரி. பேராவூரணியிலும் பட்டுக்கோட்டையிலும் தென்னை வேரோடு சாய்ந்து கிடந்தது. அங்கே அப்போதுதான் ஆரம்பம். 2015 வெள்ளத்தின்போது சென்னையின் ஒவ்வொரு தெருவையும் பார்த்த கேமராக்கள் டெல்டாவுக்கு எப்போது முழுதாகத் திரும்பின? 17ஆம் தேதி கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்கள் எரிந்த பிறகு. தண்ணியும் கரண்டும் இல்லாமல் கிடந்த சனம் 'வன்முறைக் கும்பல்' ஆகத்தான் திரைக்குள் நுழைய முடிந்தது, கைதுகளும் தொடர்ந்தன. மாநிலம் 15,000 கோடி கேட்டது. டிசம்பர் 31இல் மத்திய அரசு ஒப்புக்கொண்டது 1,146 கோடி.

எனக்குச் சேதி சொன்னது இவை எதுவுமில்லை. ஊர்க்காரப் பையன்கள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்துகொண்டு வாட்சப்பில் தெருத்தெருவாகப் பெயர் எழுதினார்கள். யாராவது பைக்கில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் வந்து சிக்னல் பிடித்தால் ஒரு பெயருக்கு எதிரே 'இருக்காங்க' என்று விழும். மண் இனிமேல் சோறு போடாது என்று வெளியே போனவர்கள்தான் பாதிப்பேர். நம்முடைய அரசியல் இயக்கங்கள் அவர்களை 'இடம்பெயர்ந்தோர்' என்று எழுதிவைத்ததோடு சரி.

சென்னை வந்து, பஸ் மாறி, மரம் விழுந்த ரோட்டில் நடந்து நான் போய்ச் சேர்ந்தது நான்காம் நாள் சாயங்காலம். ஓடு முழுசும் போயிருந்தது. அம்மா கிழிந்த தார்ப்பாயைக் கட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்து, 'டிவில நம்ம ஊரக் காட்டுனானா?' என்றாள்.

ரோட்டை மறிச்சன்னிக்கு காட்டுனாங்கம்மா, என்றேன்.