இறுதி ஆட்டம் யார் மண்ணில்? சொந்த மைதான உரிமை குறித்து நஞ்சன்கூட்டுப் பக்கமிருந்து ஒரு வாதம்

நஞ்சன்கூட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் போனால் மைசூரு. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்தை ஒட்டி, புல்மேடுகள் சூழ்ந்த கங்கோத்ரி கிளேட்ஸ் மைதானம் இருக்கிறது. இன்று அதற்கு ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையாரின் பெயர். 2010 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டம் அங்கே நடந்தது. கர்நாடகமும் மும்பையும் மோதின. மும்பை 233, கர்நாடகம் 130. இரண்டாம் இன்னிங்ஸில் அபிமன்யு மிதுன் பந்துவீசிய விதத்தில் மும்பை சரிந்திருக்க வேண்டியது. தவல் குல்கர்னி என்ற பந்துவீச்சாளர் மட்டையைப் பிடித்து 87 அடித்துவிட்டுப் போனார். இலக்கு 338. மணீஷ் பாண்டே 144, கணேஷ் சதீஷ் 75, இருவரும் சேர்ந்து எடுத்தது இருநூறுக்கும் மேல். கோப்பை கைக்கு வந்துவிட்டது என்று மைதானமே நம்பிய பிறகு கர்நாடகம் 331-இல் அடங்கியது. தோல்வி 6 ஓட்டங்களில்.

சொந்த மண் கர்நாடகத்துக்கு அன்று கோப்பையைத் தரவில்லை. அதற்காக சொந்த மண் என்பதே வெறும் நம்பிக்கை என்று சொல்லிவிடவும் முடியாது. இறுதி ஆட்டத்தை எந்த ஊரில் வைப்பது என்ற சண்டையில் இரண்டு வேறு உரிமைகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். ஒன்று, தன் அணியைத் தன் ஊரில் பார்க்கும் மக்களின் உரிமை. மற்றொன்று, ஆடுகளத்தைத் தன் பந்துவீச்சாளர்களுக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளும் சங்கத்தின் அதிகாரம். முன்னது நியாயமானது, பின்னது அப்படியல்ல. இரண்டையும் பிரிக்காமல் வகுத்த விதிகள் எல்லா நாட்டிலும் கோணல்மாணலாகவே முடிந்திருக்கின்றன.

கோணலின் உச்சத்தைப் பார்க்க அமெரிக்க பேஸ்பாலுக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு லீக்குகள்: அமெரிக்கன், நேஷனல். இரண்டின் வாகையரும் மோதும் ஏழு ஆட்டத் தொடர்தான் வேர்ல்ட் சீரீஸ். முதல் இரண்டும் கடைசி இரண்டும் ஒருவர் ஊரில், நடுவிலுள்ள மூன்று மற்றவர் ஊரில். அந்த நான்கு ஆட்டங்களும் யாருக்கு என்பதை முன்பெல்லாம் ஆண்டு மாற்றி ஆண்டு இரு லீக்குகளுக்கும் முறைவைத்துக் கொடுத்தார்கள். 2002-இல் மில்வாக்கியில் நடந்த ஆல் ஸ்டார் ஆட்டம், அதாவது இரு லீக்குகளின் நட்சத்திரங்களும் கூடி ஆடும் காட்சி ஆட்டம், 11 இன்னிங்ஸ் முடிவில் 7-7 என்று நின்றது. பந்தெறிய ஆள் மிச்சமில்லாததால் அப்படியே முடித்துக்கொண்டார்கள். ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். ஆணையர் பட் செலிக்குக்குப் பெரிய அவமானம். அது அவருடைய சொந்த ஊர் வேறு. மறு ஆண்டே விதி வந்தது: ஆல் ஸ்டார் ஆட்டத்தில் எந்த லீக் வெல்கிறதோ, அந்த லீக்கின் வாகையருக்கு வேர்ல்ட் சீரீஸில் சொந்த மைதான உரிமை. காட்சி ஆட்டத்துக்கு ஒரு பொருளைக் கொடுக்க, ஆண்டின் முக்கியமான தொடரை அடகு வைத்தார்கள்.

2003 முதல் 2016 வரை 14 ஆண்டுகள் இந்த விதி ஓடியது. அதன் அபத்தம் முழுதாக வெளிப்பட்டது 2011-இல். ஆல் ஸ்டார் ஆட்டத்தில் மில்வாக்கி அணியின் பிரின்ஸ் ஃபீல்டர் மூன்று ஓட்டங்கள் தந்த ஹோம் ரன் அடித்தார். நேஷனல் லீக் 5-1 என்று வென்றது. அந்தப் பந்தை எறிந்தவர் டெக்சஸ் ரேஞ்சர்ஸின் சி.ஜே. வில்சன். அக்டோபரில் என்ன நடந்தது? அமெரிக்கன் லீக்கின் வாகையர் அதே டெக்சஸ், 96 வெற்றிகள். நேஷனல் லீக்கில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், 90 வெற்றிகள். அதுவும் ஃபீல்டரின் மில்வாக்கியை வீழ்த்திவிட்டு வந்தவர்கள். ஃபீல்டர் சம்பாதித்துக் கொடுத்த உரிமை அவரை வெளியேற்றிய அணிக்குப் போயிற்று. ஆண்டு முழுதும் ஆறு ஆட்டங்கள் கூடுதலாக வென்ற டெக்சஸ், ஆறாவது ஆட்டத்தையும் ஏழாவதையும் எதிரியின் ஊரில் ஆடித் தோற்றது.

இந்த விதியை ஆதரித்தவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: ஏழு ஆட்டத் தொடரில் ஒரு ஆட்டம் கூடுதலாகச் சொந்த ஊரில் நடந்தால் அப்படி என்ன வந்துவிடும்? கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பேஸ்பாலில் சொந்த ஊர் அணி வெல்லும் விகிதமே சுமார் 54 விழுக்காடுதான். அந்த 14 ஆண்டுகளில் தொடர் ஏழாவது ஆட்டம் வரை நீண்டது மூன்றே முறை. அவற்றில் சொந்த ஊர் அணி வென்றது 2011-இல் மட்டும். 2014-இல் கான்சஸ் சிட்டியிலும் 2016-இல் கிளீவ்லாந்திலும் வந்தவர்கள்தான் வென்றார்கள். ஆனால் மொத்தத் தொடர்களை எண்ணினால், உரிமை பெற்ற அணி 14-இல் 9 முறை கோப்பையைத் தூக்கியிருக்கிறது. தற்செயலாகவும் இருக்கலாம், 14 என்பது முடிவு கட்டப் போதிய எண் அல்ல. என் ஆட்சேபம் எண்ணிக்கையைப் பற்றியதும் அல்ல. உரிமையைச் சம்பாதித்தவர் ஒருவர், அனுபவித்தவர் வேறொருவர் என்பதே இந்த விதியின் குறை. 2017 முதல் ஆண்டு முழுவதற்குமான வெற்றிக் கணக்கில் மேலே நிற்கும் அணிக்கே உரிமை என்று மாற்றிவிட்டார்கள்.

நம் ஊரில் செலிக்கின் விதியை வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கும்? நட்சத்திர ஆட்டத்துக்கு நம்மிடம் உள்ள நெருங்கிய உறவு துலீப் கோப்பை. 1961-62 முதல் மண்டலங்களுக்கிடையே நடந்து வந்தது. மைசூரு இறுதிக்குச் சில வாரங்களுக்குப் பின், 2010 பிப்ரவரியில், ஹைதராபாத்தில் துலீப் இறுதி நடந்தது. தென் மண்டலம் வைத்த 536 என்ற இலக்கை மேற்கு மண்டலம் எட்டிப் பிடித்தது; யூசுப் பதான் ஆட்டமிழக்காமல் 210. செலிக்கின் விதி நம்மிடம் இருந்திருந்தால் அடுத்த ரஞ்சி இறுதி மேற்கே போயிருக்கும். கர்நாடகம் ஒருவேளை அந்த இறுதிக்கு வந்திருந்தால், தமிழ்நாட்டு வீரரும் ஹைதராபாத் வீரரும் சேர்ந்து கோட்டைவிட்ட ஓர் ஆட்டத்துக்காக அது தன் மைதானத்தை இழந்திருக்கும். இதைக் கேட்டு எந்த ரசிகனும் சிரிப்பான்.

சிரிப்பதற்கு முன் ஐபிஎல்லைப் பார்க்க வேண்டும். முந்தைய ஆண்டு வாகையரின் ஊரில் இறுதி ஆட்டம் என்பது அங்கே வழக்கம். 2012-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் லீக் சுற்றில் 17 புள்ளிகளோடு நான்காம் இடம். பெங்களூரு அணியும் அதே 17 புள்ளிதான், ஓட்ட விகிதத்தில் பின்தங்கியது. கொல்கத்தா 21 புள்ளிகளோடு இரண்டாம் இடம். இறுதி ஆட்டம் நடந்ததோ சேப்பாக்கத்தில், ஏனென்றால் 2011-இல் சென்னை வென்றிருந்தது. போன வருஷத்துச் சம்பளத்தை இந்த வருஷம் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. பிஸ்லா 89 அடித்துக் கொல்கத்தா வென்றதால் விவகாரம் பெரிதாகவில்லை. சென்னை வென்றிருந்தால் கொல்கத்தாக்காரர்கள் லேசில் விட்டிருக்க மாட்டார்கள்.

ரஞ்சிக்கு வருவோம். அங்கே இறுதி ஒரே ஒரு ஆட்டம். பேஸ்பாலில் ஏழில் ஒன்றுதான் கூடுதல் என்றால், இங்கே மைதானம் போனால் முழுதாகப் போயிற்று. ஆட்டம் சமனில் முடிந்தால் முதல் இன்னிங்ஸ் முன்னிலையே கோப்பையைத் தீர்மானிக்கும் என்பதால் ஆடுகளத்தின் கனம் இன்னும் ஏறுகிறது. 2010 முதல் 2025 வரை நடந்த 15 இறுதி ஆட்டங்களில் 6 பொது மைதானத்திலும் 9 இறுதிக்கு வந்த ஓர் அணியின் மண்ணிலும் நடந்தன. அந்த ஒன்பதில் ஊர்க்காரர்கள் வென்றது 5, தோற்றது 4. தோற்ற நான்கு: 2010 மைசூரு, 2011 வதோதரா, 2012 சென்னை, 2023 கொல்கத்தா. வதோதராவிலும் சென்னையிலும் வந்து வென்றது ராஜஸ்தான். சேப்பாக்கத்தில் 621 ஓட்டங்களைக் குவித்து, தமிழ்நாட்டை நாள் கணக்கில் வெயிலில் நிறுத்தியது. வென்ற ஐந்தில் இரண்டு, 2020 ராஜ்கோட்டும் 2025 நாக்பூரும், முதல் இன்னிங்ஸ் முன்னிலையால் மட்டும் கிடைத்தவை: முதலாவதில் 44 ஓட்டங்கள், இரண்டாவதில் 37. இவ்வளவு மெலிதான இடைவெளியில் ஆடுகளம் எப்படி இருந்தது என்பது கோப்பை எந்த மாநிலத்துக்கு என்ற கேள்வியாகவே ஆகிவிடுகிறது.

கர்நாடகத்தின் வரலாறு இன்னும் சுவையானது. 1973 வரை மைசூர் என்ற பெயரில் ஆடிய இந்த அணி எட்டு முறை ரஞ்சியை வென்றிருக்கிறது. அவற்றில் சொந்த மண்ணில் கிடைத்தவை இரண்டே: 1998, 1999, இரண்டும் பெங்களூரில். மற்ற ஆறும் வெளியூரில். 1974-இல் ஜெய்ப்பூர், 1978-இல் மோகன் நகர், 1983-இல் பம்பாயின் வான்கடே, 1996-இல் சேப்பாக்கம், 2014-இல் ஹைதராபாத், 2015-இல் மறுபடி வான்கடே. அந்தக் கடைசி ஆட்டத்தில் கருண் நாயர் 328 அடிக்க, தமிழ்நாடு இன்னிங்ஸ் தோல்வியில் நசுங்கியது. மறுபுறம், 1979-இல் தில்லி முதல் முறையாகக் கோப்பையை வென்றது பெங்களூரில், கர்நாடகத்தின் கண் முன்னே. 2019, 2023 அரையிறுதிகளில் சவுராஷ்டிரம் பெங்களூரின் சின்னசாமி அரங்கத்துக்கே வந்து ஜெயித்துப் போயிற்று. சொந்த மண் சாதகமே இல்லை என்று இதை வைத்து நிறுவ முடியாது. நல்ல அணி எங்கும் வெல்லும், அவ்வளவுதான். ஆனால் சொந்த மைதானம் கிடைக்காவிட்டால் கர்நாடகத்துக்கு அநியாயம் என்று கொடி பிடிப்பவர்கள் முதலில் இந்தப் பட்டியலுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் பொது மைதானத்தில் வைத்துவிட்டால் என்ன? இந்திய வாரியம் 2016-17-இல் அதைச் செய்தது. ரஞ்சியின் அத்தனை ஆட்டங்களும் இரு அணிகளுக்கும் சொந்தமில்லாத ஊர்களில். உள்ளூர்ச் சங்கங்கள் தங்களுக்கேற்ற ஆடுகளம் போடுவதைத் தடுப்பது நோக்கம். விளைந்தது வேறு. தில்லியின் புகைமண்டலத்தில் வங்காளம்–குஜராத், ஹைதராபாத்–திரிபுரா ஆட்டங்கள் கைவிடப்பட்டன; நான்கில் ஓர் அணிக்கும் தில்லியோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை. விசாகப்பட்டினத்துக் காலிறுதியில் கர்நாடகம் 88-க்குச் சுருண்டு, தமிழ்நாடு இரண்டே நாளில் 7 விக்கெட்டில் வென்றது. பொது மைதானம் என்றதாலேயே ஆடுகளம் ஒழுங்காக அமைந்துவிடாது என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேவையில்லை. தமிழ்நாட்டுக்காரன் என்ற முறையில் அந்த வெற்றி எனக்கு இனித்தது என்பது வேறு விஷயம். அடுத்த பருவத்திலேயே லீக் ஆட்டங்கள் பழையபடி சொந்த ஊர், வெளியூர் என்று திரும்பின.

இந்தச் சோதனை கவனிக்காமல் விட்டது பார்வையாளரை. நஞ்சன்கூட்டில் முதல்தர ஆட்டம் நடக்கும் மைதானம் இல்லை. கபிலைக் கரையின் இந்தச் சிறு நகரத்துக்காரருக்குச் சொந்த மைதானம் என்பது மைசூரு. பெங்களூரு அதற்கப்பால் இன்னும் மூன்று மணி நேரம். மாநிலத்தின் சொந்த மண் என்று சங்கம் சொல்லும்போது அதற்குள் பல மைதானங்கள் அடங்குகின்றன; அவற்றில் எது என்று தேர்ந்தெடுக்கும் அதிகாரம் சங்கத்திடம் இருக்கிறது, ரசிகரிடம் இல்லை.

2025-இல் இது கூர்மையாக வெளிப்பட்டது. அந்த ஜூன் 4-இல் சின்னசாமி அரங்க வாயில்களில் ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அதன் பின் கர்நாடகச் சங்கத்தின் மகாராஜா கோப்பை டி20 போட்டி மைசூருக்கு மாற்றப்பட்டது. ஆனால் பார்வையாளருக்கு அனுமதியில்லை. மைசூரு வாரியர்ஸ் தன் சொந்த மைதானத்தில், தன் ஊர்க்காரர் ஒருவரும் இல்லாமல் ஆடியது. இறுதிக்கு வரவில்லை, மங்களூருவும் ஹுப்பள்ளியும்தான் வந்தன. பாதுகாப்பு கருதி எடுத்த முடிவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் ஆடுகளமும் பழக்கமும் அணிக்கு, பூட்டிய கதவு ஊருக்கு என்று இரண்டு உரிமைகளும் கண்ணெதிரே பிரிந்து நின்றன.

அவற்றைத் தலைகீழாகப் பிரிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. மைதானம் ஊருக்கு, ஆடுகளம் யாருக்கும் இல்லை. இறுதி ஆட்டம், அந்தப் பருவத்தின் லீக் சுற்றில் அதிகப் புள்ளி எடுத்த அணியின் மாநிலத்தில் நடக்கட்டும். சென்ற ஆண்டு வாகையர், முறைவைப்பு, மண்டல ஆட்டம் எதுவும் வேண்டாம். ஆடுகளத்தை வாரியம் அனுப்பும் வெளி மாநிலப் பராமரிப்பாளர் தயாரிக்கட்டும். இந்த ஏற்பாடு ரஞ்சியில் ஏற்கெனவே உண்டு. அவர் சொல்லுக்கு உள்ளூர்ச் சங்கம் கட்டுப்பட வேண்டும் என்பதை மட்டும் கறாராக்க வேண்டும். டாஸ் இல்லாமல், வந்த அணியே மட்டையா பந்தா என்று சொல்லட்டும்.

லீக் பிரிவுகள் சம பலமுள்ளவையல்ல, எளிய பிரிவில் அதிகப் புள்ளி சேர்க்கலாம் என்ற எதிர்வாதம் சரியானது. அதைப் பிரிவுகளை அமைக்கும் இடத்தில் திருத்த வேண்டும். டாஸை எடுத்துவிட்டால் ஆடுகளம் மந்தமாகி ஆட்டம் சமனிலேயே போய் நிற்கும் என்று சொல்வோரும் உண்டு. இங்கிலாந்துக் கவுன்டிகளில் 2016 முதல் 2019 வரை, வந்த அணி விரும்பினால் டாஸ் இல்லாமலே முதலில் பந்துவீசலாம் என்று வைத்திருந்தார்கள். பசும்புல் ஆடுகளங்களை அடக்குவதற்காக. 2020-இல் பழையபடி டாஸுக்கே போனார்கள். அவர்களுடைய மழையும் குளிரும் வேறு. நம் வெயிலில் ஐந்து நாள் ஆட்டத்துக்கு இதை இங்கேயே சோதித்துத்தான் பார்க்க வேண்டும். 2024-25 சி.கே. நாயுடு கோப்பையில், 23 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களில், வந்த அணிக்கே தேர்வு என்று வாரியம் விதி வைத்துவிட்டது. இளையோருக்குப் பொருந்தும் என்று கருதிய விதியை ரஞ்சி இறுதிக்கு மறுக்க வாரியத்திடம் காரணம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.