மார்கழியும் பழுப்புக் கொழுப்பும்

சித்தன்னவாசலுக்குப் போகிறவர்களில் பலர் குகைக்கோயில் ஓவியத்தை மட்டும் பார்த்துவிட்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். அதே மலையில் ஏழடிப்பட்டம் என்றொரு குகை இருக்கிறது. வழவழவென்று செதுக்கிய பதினேழு படுக்கைகள். தலைக்கு ஒரு மேடு... அதுவும் கல்தான்! ஒரு படுக்கையில் தமிழ்-பிராமி எழுத்து. சமணத் துறவிகள் படுத்த இடம். அவர்கள் தாங்கிக்கொள்ள வேண்டிய 22 சோதனைகளில் குளிரும் ஒன்று. திகம்பரத் துறவி என்றால் மேலே துணியும் கிடையாது.

'புதுக்கோட்டையில் என்ன சார் பெரிய குளிர்?' என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் துணியில்லாமல் சும்மா படுத்திருக்கும் உடம்புக்கு, காற்று சுமார் 28 டிகிரிக்குக் கீழே போனாலே சூடு பற்றாது. மார்கழி ராத்திரியில் இங்கே 20 டிகிரியை ஒட்டி இறங்கும். போதாததற்கு, சூட்டை உறிஞ்சும் கல் வேறு!

உடம்பு என்ன செய்யும்? ஒன்று, நடுங்கும். இல்லையென்றால், 1950-களில் மத்திய ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடம் ஷோலாண்டர் குழுவினர் கண்டதுபோல, தன்னைக் கொஞ்சம் ஆறவிட்டு நிம்மதியாகத் தூங்கும். பக்கத்தில் படுத்த வெள்ளைக்காரர்களுக்குத் தூக்கமே வரவில்லை!

மூன்றாவது வழிதான் சுவாரஸ்யம். 1551-ல் ஸ்விட்சர்லாந்தின் கான்ராட் கெஸ்னர், மலை அணில் வகையான மார்மட்டின் உடம்பில் கொழுப்பும் இல்லாத, சதையும் இல்லாத ஒன்றைப் பார்த்து எழுதிவைத்தார். அதுதான் பழுப்புக் கொழுப்பு. நான் பி.காம். படித்தவன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். தொப்பையில் இருக்கும் வெள்ளைக் கொழுப்பு ஃபிக்சட் டெபாசிட். பழுப்புக் கொழுப்பு ஊதாரி! குளிர் பட்டதும் சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து, எந்த வேலையும் செய்யாமல் வெறும் சூடாகவே செலவழித்துவிடும்.

கைக்குழந்தைக்கு இது உண்டு, வளர்ந்தால் போய்விடும் என்றே டாக்டர்கள் ரொம்ப நாள் நம்பினார்கள். 1981-லேயே பின்லாந்தில், வெட்டவெளியில் வேலை பார்த்தவர்களின் சடலங்களில் கழுத்து ரத்தக்குழாய்களைச் சுற்றி இது இருப்பதைக் கண்டார்கள். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிறகு புற்றுநோய்க்கான 'பெட்' ஸ்கேன் வந்தது. சில நோயாளிகளுக்குக் கழுத்திலும் தோளிலும் ஏதோ பளிச்சென்று ஒளிர்ந்தது. தசை இறுக்கம் என்றார்கள். நோயாளியைக் கதகதப்பாக வைத்தால் ஒளி மங்கியது! 2009-ல்தான் ஒரே மருத்துவ இதழில் மூன்று குழுக்கள், பெரியவர்களுக்கும் இது உண்டு என்று நிரூபித்தன. நெதர்லாந்தில் 24 ஆண்களை 16 டிகிரி அறையில் வைத்தபோது 23 பேரிடம் வேலை செய்தது. குண்டானவர்களிடம் குறைவாக!

2013-ல் ஜப்பானில், ஆறு வாரம், தினம் இரண்டு மணி நேரம் 17 டிகிரியில் உட்கார வைத்தார்கள். உடம்புக் கொழுப்பு சுமார் 5 சதவிகிதம் குறைந்தது. உடனே ஏ.சி.யை இறக்கிவிடாதீர்கள். பரிசோதிக்கப்பட்டது பத்துப் பதினைந்து இளைஞர்கள்தான். தவிர, குளிரில் பசியும் சேர்ந்து எரிந்தால், பஜ்ஜியில் கணக்கு நேராகிவிடும்!

நம் வயிற்றைக் கலக்கும் செய்தி 2014-ல் நெதர்லாந்தின் லைடனிலிருந்து வந்தது. ஒல்லியான தெற்காசிய வம்சாவளி ஆண்கள் 12 பேர், வெள்ளைக்கார ஆண்கள் 12 பேர். நம்மவர்களிடம் பழுப்புக் கொழுப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு. நடுக்கமும் 2 டிகிரி முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. ஒல்லியாக இருந்தும் நமக்கு ஏன் சீக்கிரமே சர்க்கரை நோய் வருகிறது என்ற கேள்விக்கு, இது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஆனால் அதற்கு முந்தைய வருடம் ஆம்ஸ்டர்டாமில் இதேபோல் ஒப்பிட்டவர்களுக்கு அப்படி வித்தியாசம் எதுவும் தட்டுப்படவில்லை. 12 பேரை வைத்து ஒரு துணைக்கண்டத்துக்கே தீர்ப்பு எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஏழடிப்பட்டத்துக்குப் போனால் ஒரு படுக்கையைத் தொட்டுப் பாருங்கள். மார்கழியில், விடிந்ததும் போனால் நல்லது. மத்தியானம் போனால் கல் சுடும்!