பூனை நாய் மாதிரி இளைச்சா என்ன அர்த்தம்? (கூடவே கொஞ்சம் தயிர்சோத்து வரலாறு)

போன சித்திரையில ஒரு மத்தியானம். திண்டுக்கல் வெயிலைப் பத்தி நான் சொல்லணுமா என்ன? நம்பாதவங்க மே மாசம் பன்னெண்டு மணிக்கு மலைக்கோட்டைப் பாறையில வெறுங்கால்ல ஏறிப் பாருங்க :-) மாடியில தகரக் கொட்டகை ரூமைத் திறந்தா, எங்க வீட்டுக் கடுவன் வாயைப் பொளந்து, நாக்கு வெளிய தெரிய இளைச்சுக்கிட்டு கிடக்கு. காலையில துணி காயப்போடப் போனப்ப அது உள்ள இருக்குறது தெரியாம பூட்டிட்டு வந்தது சாட்சாத் நானேதான்.

"வெயிலுக்குத்தான் தம்பி, நாய்கூட இப்படித்தான இளைக்குது"ன்னாங்க பக்கத்து வீட்டு அக்கா. எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. சின்ன வயசுல, 1980களில், அம்மாச்சி வீட்டுல இதே காட்சியை ஒரு தடவை பாத்துருக்கேன். அந்தப் பூனை ரெண்டாம் நாள் செத்துப்போச்சு. அப்பவும் எல்லாரும் வெயிலுக்குத்தான்னு சொன்னாங்க.

நாய்க்கு இளைப்புங்கறது அன்றாட வேலை. நாக்கு வழியா ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடம்பைக் குளிர வைக்குது. பூனை அப்படி இல்ல. அதோட பூர்வீகமே வறண்ட பூமி. இன்னிக்கு உலகத்துல இருக்குற வீட்டுப்பூனை எல்லாத்துக்கும் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனைதான்னு 2007ல மரபணு ஆராய்ச்சி சொல்லுச்சு. சைப்ரஸ் தீவுல சுமார் 9500 வருஷத்துக்கு முந்தின புதைகுழி ஒண்ணுல மனுஷனுக்குப் பக்கத்துலயே ஒரு பூனையையும் புதைச்சிருந்ததை 2004ல வெளியிட்டாங்க. பாலைவனத்துல பொழைச்ச சாதி. கொஞ்சம் தண்ணியில காலம் தள்ளும், ரோமத்தை நக்கி ஈரமாக்கிக் குளிர்ந்துக்கும், நிழல் பாத்துப் படுத்துக்கும். நமக்கு வேர்த்து ஊத்துற வெயில்ல அது பாட்டுக்கு ஓட்டு மேல தூங்கும். அப்பேர்ப்பட்டது வாயைத் திறந்து இளைக்குதுன்னா, கைவசம் இருந்த வழியெல்லாம் தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம்.

நம்ம ஊருக்குப் பூனை எப்ப வந்துச்சோ! ஆனா தமிழுக்குப் பூனை ஜாதி புதுசில்ல. தொல்காப்பியத்துல மரபியல் பகுதி வெருகோட பிள்ளையைக் 'குட்டி'ன்னு சொல்லணும்னு சட்டமே போட்டு வச்சிருக்கு. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுல ரெண்டு கையையும் தூக்கித் தவம் பண்ற பூனையும், அதை நம்பி வந்த எலிகளும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எலி இருக்குற எடத்துல பூனைக்கு வேலை உண்டு. திண்டுக்கல் கோட்டை தானியக் கிடங்குல நாயக்கர் காலத்துலயும், 1755ல ஹைதர் அலி இங்க பொறுப்பேத்த காலத்துலயும், பூனைக்கு மட்டும் சம்பளம் பாக்கி இருந்திருக்காதுன்னு நெனைக்கிறேன். (ஆதாரம் கேக்காதீங்க, இது என் சொந்தக் கற்பனை.)

ஆனா பூனைக்கு உடம்புக்கு முடியலைன்னா யார் பாத்தா? மதராஸ் கால்நடைக் கல்லூரி 1903ல ஆரம்பிச்சது. அந்தக் காலத்து அரசாங்கத்துக்குக் கவலை குதிரையும் மாடும்தான். அதனாலதான் இன்னைக்கும் நம்ம ஜனங்க வாயில அது 'மாட்டாஸ்பத்திரி'. பூனையைக் கட்டைப்பையில போட்டுக்கிட்டு மாட்டாஸ்பத்திரி வரிசையில நின்னவங்களுக்குத்தான் அந்தக் கூச்சம் தெரியும்.

இப்ப அம்மாச்சி வீட்டுப் பூனைக்கு வர்றேன். சுத்த சைவம். வெளிய தெருநாய் கடிச்சிரும்னு அம்மாச்சி அதை மாடி ரூமை விட்டு விடவே மாட்டாங்க, கதவுக்கு நம்மூர்ப் பூட்டு வேற. மூணு வேளையும் தயிர்சோறும் பாலும். அது கொழுகொழுன்னு இருந்ததா எல்லாருக்கும் பெருமை.

1975ல அமெரிக்காவுல ஹேஸ்னு ஒருத்தரும் அவர் கூட்டாளிகளும் பூனைங்களுக்குப் பால் புரதமான கேசீனை வச்சே சாப்பாடு குடுத்துப் பாத்தாங்க. பூனைங்களுக்குக் கண்ணோட விழித்திரை கெட்டுப்போச்சு. காரணம் டாரின்ங்கற சத்து இல்லாதது. 1827லயே காளை மாட்டுப் பித்தத்துலருந்து ரெண்டு ஜெர்மன்காரங்க பிரிச்செடுத்தது, அதனாலதான் கிரேக்கக் காளையோட பேர். மனுஷ உடம்பும் நாய் உடம்பும் அதைத் தானே ஓரளவு தயாரிச்சுக்கும். பூனையால போதுமான அளவு முடியாது. கறியிலருந்தோ மீன்லருந்தோ எலியிலருந்தோதான் வரணும்.

அடுத்த அதிர்ச்சி 1987ல. கலிஃபோர்னியாவுல பால் பியான்ங்கற கால்நடை மருத்துவர் குழு, இதயம் பலூன் மாதிரி வீங்கித் துவண்டுபோன பூனைங்களோட ரத்தத்துல டாரின் ரொம்பக் கம்மியா இருக்குறதைப் பாத்தாங்க. டாரினைக் குடுத்தா இதயம் திரும்பிடுச்சு! அதுவரைக்கும் அது அநேகமா மரண தண்டனைதான். இத்தனைக்கும் அதுங்க தின்னது கடையில விக்கிற பூனைத் தீனி. கம்பெனிக்காரங்க டாரினைக் கூட்டினதும் அந்த நோயே அபூர்வமாயிடுச்சு. அப்படிப் பலவீனமான இதயத்தால நெஞ்சுல நீர் கோத்துக்கும், பூனை மூச்சுக்கு வாயைத் திறக்கும்.

அம்மாச்சி பூனைக்கு இதுதான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா ஒண்ணு யோசிச்சேன். அதே தெருவுல தயிர்சோறு தின்ன மத்த பூனைங்க நல்லாத்தானே இருந்துச்சு? அதுங்க ராத்திரி எலி புடிச்சுச்சு, பல்லி, ஓணான் தின்னுச்சு. தயிர்சோறு சும்மா மேல்சாப்பாடு. எங்க பூனைக்கு மட்டும் கதவு பூட்டியிருந்துச்சு.

நம்ம கடுவன் கதைக்கு வருவோம். நிழலுக்குத் தூக்கிட்டு வந்து, சாதாரணத் தண்ணியில (ஐஸ் கூடாது) வயித்தையும் பாதத்தையும் நனைச்சு, ஃபேனைப் போட்டுட்டு, அப்படியே ஆட்டோ. டாக்டர் பாத்தப்ப 105 டிகிரி. பூனைக்கு 102 சொச்சம் வரைக்கும்தான் சரி. ஊசி, குளுக்கோஸ், சாயங்காலம் வரைக்கும் அங்கயே. ஈறு நிறத்தைத்தான் முதல்ல பாத்தாரு. வெளுத்தோ நீலமாவோ இருந்தா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாதாம். விளையாடி ஓடினதுக்கோ பஸ்ல பயந்ததுக்கோ ரெண்டு நிமிஷம் இளைச்சு நின்னுட்டா விட்டுப் பாக்கலாம். சும்மா படுத்திருக்கும்போது இளைச்சாலோ, பின்னங்கால் திடீர்னு இழுத்துக்கிட்டாலோ, உடனே தூக்கிட்டு ஓடணும். இன்னொண்ணு, சூடா இருக்கேன்னு பாராசிட்டமால் குடுத்துடாதீங்க. மனுஷங்க போடுற ஒரு மாத்திரை பூனையோட ரத்தத்தையே கெடுத்துக் கொன்னுடும். பக்கத்து வீட்டு அக்கா கையில அன்னிக்கு அதுதான் இருந்துச்சு, நல்லெண்ணத்துல.

தூங்கும்போது மூச்சை எண்ணுங்கன்னு சொல்லி அனுப்பினாரு, நிமிஷத்துக்கு முப்பதுக்கு மேல தொடர்ந்து போனா கூட்டிட்டு வாங்கன்னு. கொட்டகை ரூம் கதவுல இப்ப பூட்டு இல்ல, தட்டுல தயிர்சோத்தோட வேகவச்ச மத்தி மீன். அம்மா மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் வேகவைக்கிறாங்க. நேத்து ராத்திரி எண்ணினேன். இருபத்திரண்டு.